வகுப்பறை, பூசையறை, அடுக்களை

இளைஞர் பகுதிக்குத் தத்துவ இயல் குறித்து ஒரு பாடம் எழுதித் தரும்படி நமது இதழ்க் குழுவினர் கேட்டிருந்தார்கள். இந்தியத் தரிசனங்கள் ஆறு, அவற்றின் ஆசிரியர்கள் இன்னார் என்று வரிசையாக எழுதிவிடலாம். அது எந்தக் கல்லூரிப் பாடநூலிலும் கிடைக்கும். முப்பத்திரண்டு ஆண்டுகள் இந்தக் கொல்கத்தாவில் தத்துவம் கற்பித்து 2008இல் ஓய்வு பெற்ற எனக்கு, எந்தப் பாடநூலிலும் விடை கிடைக்காத கேள்வி ஒன்று உண்டு. அதைக் கேட்டவள் என் மகள். அதையே இங்கே பாடமாக எடுத்துக்கொள்கிறேன்.

1998ஆம் ஆண்டு மகாளய அமாவாசை. இந்த ஊரில் அன்று விடியற்காலை நான்கு மணிக்கு எந்தத் தெருவில் நடந்தாலும் வீட்டுக்கு வீடு வானொலியில் பீரேந்திர கிருஷ்ண பத்ரரின் சண்டீபாடம் கேட்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அதைக் கேட்டபடியே பாபுகாட்டுக்குப் போனோம். ராணி ராஸ்மணியின் கணவர் பெயரால் 1830இல் கட்டப்பட்ட படித்துறை அது. வங்காளிகள் ஆயிரக்கணக்கில் இடுப்பளவு நீரில் நின்று தர்ப்பணம் செய்துகொண்டிருந்தார்கள். ஓரமாக நம்மவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், லேக் மார்க்கெட் பக்கத்திலிருந்து வந்த குருக்கள் சொல்லச் சொல்ல எள்ளும் தண்ணீரும் விட்டோம். என் தகப்பனார் காலமாகி அப்போது ஆறு ஆண்டுகள்.

கரையில் என் சட்டையையும் மூக்குக்கண்ணாடியையும் வைத்துக்கொண்டு மகள் நின்றாள். புள்ளியியல் படித்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் இரவுதான் என் வகுப்புக் குறிப்புகளைப் படியெடுத்துக் கொடுத்திருந்தாள். பாடம், சார்வாகம். இறந்தவருக்கு இங்கே இடும் உணவு அங்கே போய்ச் சேரும் என்றால், வெளியூர் போகிறவனுக்குக் கட்டுச்சோறு எதற்கு, வீட்டிலேயே இலை போட்டுப் படைத்தால் போதாதா என்று சார்வாகர் கேட்பதாகச் சொல்லப்படும் வாதம் அதில் இருந்தது. நான் ஈரவேட்டியோடு படியேறி வந்ததும் கேட்டாள்:

"அப்பா, நாளைக்கு கிளாஸ்ல இந்த வாதத்துக்கு நேரா பதில் கிடையாதுன்னு சொல்லப் போறீங்க. நோட்ஸ்ல அப்படித்தான் எழுதியிருக்கீங்க. இன்னைக்கு இங்க எள்ளும் தண்ணியும் விடுறீங்க. இதுல எது நெசம்? ஒண்ணு நடிப்பா இருக்கணும் இல்லையா?"

அவள் குறும்புக்காகக் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "வீட்டுக்குப் போய்ப் பேசலாம்மா" என்றேன். ஆசிரியர்கள் விடை தெரியாதபோது சொல்வது அதுதான்.

எதிராளியின் வாயால் பேசுதல்

முதலில் வகுப்பறையை எடுத்துக்கொள்வோம். தான் ஏற்காத கொள்கையை ஓர் ஆசிரியர் ஏன் அத்தனை வலுவாக எடுத்துச் சொல்ல வேண்டும்?

நம் நாட்டுத் தத்துவ நூல்களில் இதற்கு ஒரு முறையே உண்டு. முதலில் பூர்வபட்சம், பிறகு சித்தாந்தம். தமிழில் பரபக்கம், சுபக்கம் என்பார்கள். பரபக்கம் என்றால் பிறர் கொள்கையை எடுத்து வைத்து ஆராய்வது. சுபக்கம் என்றால் தன் கொள்கையை நிறுவுவது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரில் பரபக்கத்தில் மட்டும் பதினான்கு கொள்கைகள் வருகின்றன. முதலில் நிற்பது உலகாயதம். கடவுளும் இல்லை, மறுபிறப்பும் இல்லை என்பவனை முதலில் அழைத்து உட்கார வைத்து அவன் சொல்வதைக் கேட்ட பிறகுதான் சைவ சித்தாந்தம் பேசத் தொடங்குகிறது. 14ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்து மாதவர் எழுதிய சர்வதரிசன சங்கிரகமும் சார்வாகத்திலிருந்தே தொடங்குகிறது. இன்று சார்வாகரைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றுள் பெரும்பகுதி, அவரை மறுத்தவர்கள் பூர்வபட்சமாக எழுதி வைத்ததுதான். மறுப்பவன் நேர்மையாக இல்லாதிருந்தால் அந்த அளவுகூடக் கிடைத்திராது.

மணிமேகலை இதற்கெல்லாம் மூத்தது. வஞ்சி மாநகரில் மணிமேகலை ஆண் துறவி வடிவில் சென்று அளவைவாதி முதல் பூதவாதி வரை பத்துச் சமயத்தாரிடம் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். கடைசியில் வரும் பூதவாதி, கண்ணால் காண்பதைத் தவிர வேறு பிரமாணம் இல்லை, அனுமானம் செல்லாது என்பவன். அவனிடம் அவள் சிரித்துக்கொண்டே ஒன்று கேட்கிறாள். இவர்தான் உன் தாய், இவர்தான் உன் தந்தை என்று அனுமானம் இல்லாமல் எப்படி அறிந்தாய் என்பது அந்தக் கேள்வி. மற்ற ஒன்பது பேரிடமும் இவ்வளவு நெருக்கமான கேள்வி எழவில்லை. தத்துவ வாதம் ஒன்று பெற்றோரிடம் வந்து நிற்கும் இந்த இடத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்குப் பாபுகாட் நினைவு வரும்.

ஆக, சார்வாகத்தை முழு வலுவோடு நடத்துவதில் நடிப்பு ஒன்றும் இல்லை. வக்கீலும் அப்படித்தானே என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்கு அந்த ஒப்புமை பிடிக்கவில்லை. வக்கீல் கட்சிக்காரர் பக்கத்தை மட்டும்தான் பேசுவார். ஆசிரியர் திங்கட்கிழமை ஒரு பக்கமும் புதன்கிழமை எதிர்ப்பக்கமும் அதே வலுவோடு பேசியாக வேண்டும். இதைச் செய்தால், எந்தப் பக்கம் தனக்குச் சொந்தம் என்பதே ஆசிரியருக்கு மறந்துபோகும் அபாயம் ஒன்று உண்டு. என் மகளின் கேள்வி குத்திய இடம் அது.

ஊமத்தையால் ஒரு சோதனை

இந்த அபாயத்தை நன்றாக அறிந்திருந்தவர் என்று நான் நினைப்பவர் 16ஆம் நூற்றாண்டு அப்பைய தீட்சிதர். ஆரணிக்கு அருகிலுள்ள அடையபலம் அவர் ஊர். வேலூரை ஆண்ட சின்னபொம்ம நாயக்கரின் ஆதரவில் இருந்தவர். அடையபலம் காளகண்டேசுவரர் கோயிலில் 1582ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று அவருடைய பணிகளைச் சொல்கிறது. ஐந்நூறு பேருக்குப் பாடம் சொன்னதும், அரசர் பொன்னால் அபிஷேகம் செய்ததும் அதில் உண்டு.

அவருடைய புலமையின் பரப்பைப் பாருங்கள். பிரம்ம சூத்திரத்தைச் சங்கரர் வழியிலும், ராமாநுசர் வழியிலும், மத்துவர் வழியிலும், ஸ்ரீகண்டரின் சைவ வழியிலும் தனித்தனியே விளக்கி, நான்கையும் ஒரே தொகுப்பாகச் செய்தார். ஒவ்வொன்றையும் அந்தந்த மதத்தார் ஏற்கும்படி எழுதினார் என்று சொல்வார்கள். ஸ்ரீகண்டர் உரைக்குச் சிவார்க்கமணி தீபிகை என்ற பெருவிளக்கம் எழுதினார். அத்வைதிகளுக்குள்ளேயே இருந்த கருத்து வேறுபாடுகளை எல்லாம் தொகுத்துச் சித்தாந்தலேச சங்கிரகம் எழுதினார். தீவிரச் சிவபக்தர். ஆனாலும் வைணவ ஆசாரியரான வேதாந்த தேசிகரின் யாதவாப்யுதய காவியத்துக்கு உரை எழுதினார். எனக்குத் தெரிந்து இந்த மனவிரிவுக்கு இணை மிகக் குறைவு.

இப்படி எல்லார் வாயாலும் பேசிய ஒருவருக்கு, தன் வாய் எது என்ற கேள்வி வராமல் இருக்குமா? வந்தது என்றே ஒரு வரலாறு வழங்குகிறது. சிவனிடம் தமக்கு உள்ள பக்தி உண்மையானதா, அல்லது படித்த படிப்பின் பழக்கமா என்று அவருக்கே ஐயம் வந்ததாம். அறிவு விழித்திருக்கும் வரை இதைச் சோதிக்க முடியாது. அறிவு அழகாக எதையும் சொல்லிவிடும். ஆகவே ஊமத்தைச் சாற்றைக் குடித்து, தாம் நிலைதடுமாறும்போது வாயில் வருவதை எல்லாம் எழுதிக்கொள்ளும்படியும், பிறகு மாற்று மருந்து கொடுக்கும்படியும் மாணவர்களிடம் சொல்லி வைத்தார். பித்தம் ஏறிய நிலையில் அவர் வாயிலிருந்து வந்த ஐம்பது சுலோகங்களே ஆத்மார்ப்பண ஸ்துதி என்பது மரபு. உன்மத்த பஞ்சாசத் என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு.

ஊமத்தை கொடிய விஷம் என்பதை இளைஞர்களுக்கு இங்கே சொல்லிவிட வேண்டும். யாரும் இதைப் பின்பற்றிப் பார்க்கும் காரியம் இல்லை. கதை அப்படியே நடந்ததா என்று நான் வாதாடவும் போவதில்லை. இந்தக் கதையை ஒரு பக்தர் கூட்டம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. தங்கள் மாபெரும் பண்டிதருக்குத் தம் நம்பிக்கை மீதே சந்தேகம் வந்தது என்பதை அவர்கள் மறைக்கவில்லை. அதைக் குறையாகவும் சொல்லவில்லை. நம்பிக்கை உள்ளவனுக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று இன்று நாம் பிள்ளைகளிடம் சொல்கிறோமே, அது எங்கிருந்து வந்தது?

தீட்சிதரும் எல்லா நேரமும் சமநிலையில் இருந்தார் என்று எண்ண வேண்டாம். மத்துவர் வழியில் நின்று ஒரு நூல் எழுதிய அதே கையால், மத்துவ மதத்தின் முகத்தை நொறுக்குவது என்று பொருள்படும் தலைப்பில் ஒரு கண்டன நூலும் எழுதினார். பதிலுக்குப் பதில் என்று சூடேறிக்கொண்டிருந்த காலம் அது. அவருடைய அபிமானிகள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். நான் சொல்லிவிடுகிறேன். தலைப்பைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கும்.

புலமைச் செருக்கைப் பற்றி அருணந்தியாரைக் குறித்தும் ஒரு வரலாறு உண்டு. அவர் சகலாகம பண்டிதர் என்று பெயர் பெற்ற குலகுரு. திருவெண்ணெய்நல்லூரில் குழந்தை மெய்கண்டார் பாடம் சொல்வதைக் கேள்விப்பட்டு, சோதித்துப் பார்க்க வந்து, ஆணவ மலத்தின் வடிவம் என்ன என்று நின்றபடியே கேட்டாராம். மெய்கண்டார் விடை சொல்லவில்லை. கேட்டவரை மேலும் கீழும் பார்த்தாராம். அவ்வளவுதான், பண்டிதர் சீடராகிவிட்டார்.

விளக்கேற்றியவர்

இனி அடுக்களைக்கு வருவோம். தத்துவப் பாடநூல்களில் இந்த அறை இருப்பதில்லை.

மிதிலையைச் சேர்ந்த வாசஸ்பதி மிசிரர் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டவர். நியாயம், சாங்கியம், யோகம், மீமாம்சை, வேதாந்தம் என்று எதிரெதிர்த் தரிசனங்களுக்கெல்லாம் உரை எழுதி, எல்லாவற்றிலும் மேற்கோளாகக் காட்டப்படுபவர். சங்கரரின் பிரம்ம சூத்திர பாஷ்யத்துக்கு அவர் எழுதிய உரையின் பெயர் பாமதி. அந்தப் பெயருக்குக் காரணமாக ஒரு கதை சொல்வார்கள். ஆண்டுக்கணக்கில் எழுத்தில் மூழ்கியிருந்தவர், ஓர் இரவு விளக்கில் எண்ணெய் ஊற்ற வந்த பெண்ணை நிமிர்ந்து பார்த்து, நீ யார் என்று கேட்டாராம். உங்கள் மனைவி பாமதி என்றாராம் அந்த அம்மையார். தம் பிழையை உணர்ந்து நூலுக்கு அவர் பெயரையே வைத்தாராம்.

இந்தக் கதையை நான் வகுப்பில் எத்தனையோ முறை உருக்கமாகச் சொல்லியிருக்கிறேன். ஒருமுறை வீட்டிலும் சொன்னேன். என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள், "பேரு வச்சாரு, சரி. அதுக்கப்புறம் எண்ணெய் யாரு ஊத்துனா?"

எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1984 முதல் 1991 வரை நான் முனைவர் பட்ட ஆய்வு செய்தேன். கடமை என்ற கருத்தைப் பூர்வ மீமாம்சையும் ஜெர்மன் தத்துவ ஞானி காண்ட்டும் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது பொருள். கல்லூரி முடிந்ததும் அலிப்பூர் நேஷனல் லைப்ரரி. ரேஷன், பால், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், ஊரிலிருந்து வரும் உறவினர்கள், மாமனாராகிய என் தகப்பனாருக்கு மணியார்டர் அனுப்புவது வரை எல்லாம் அவள் பொறுப்பு. வங்காளியும் அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தாள்.

1986 ஆகஸ்டில் ஒரு நாள் பெருமழை. தெருவில் முழங்கால் தண்ணீர். எட்டு வயது மகளுக்குக் காய்ச்சல் நூற்றுமூன்று டிகிரி. கைரிக்ஷா ஒன்றைப் பிடித்து, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, வாடகை பேசத் தெரியாமல் கேட்டதைக் கொடுத்து மருத்துவரிடம் போய் வந்திருக்கிறாள். நான் இரவு ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்தேன். மாதக்கணக்கில் தேடிய ஒரு பழைய பதிப்பு அன்று கிடைத்துவிட்ட சந்தோஷத்தில், கதவு திறந்ததுமே அதைச் சொன்னேன். "கடமையைப் பத்தின புஸ்தகம்தானே?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆய்வேட்டின் முன்னுரையில் அவளுக்கு நன்றி சொல்லி நாலு வரி எழுதியிருக்கிறேன். அவள் அதைப் படித்தாளா என்று இன்றுவரை கேட்டதில்லை.

இது என் ஒருவன் குறை என்று நினைத்திருந்தேன். டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணனின் வாழ்க்கை வரலாற்றை அவர் மகன், வரலாற்றாசிரியர் சர்வபள்ளி கோபால், 1989இல் வெளியிட்டார். தந்தையின் அறிவுப் பணிகளைப் போற்றும் அதே நூலில், அவருடைய இல்லற வாழ்வில் தாயார் சிவகாமு அம்மையாருக்கு நேர்ந்த வருத்தங்களையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அது வெளிவந்தபோது பலர் முகம் சுளித்தார்கள். நான் அந்த மகனை மெச்சினேன்.

சர்வகலாசாலைக்குள் வந்த தத்துவம்

ராதாகிருஷ்ணன் பெயர் வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1888இல் திருத்தணியில் பிறந்தவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்தபோது, இந்து சமயத்தில் ஒழுக்க நெறிக்கு இடமில்லை என்ற பாதிரிமார்களின் விமரிசனம் தம்மை உலுக்கியது என்று அவரே எழுதியிருக்கிறார். அதற்கு விடையாகத்தான் வேதாந்தத்தின் ஒழுக்கவியலைப் பற்றி எம்.ஏ. ஆய்வுரை எழுதினார். 1908இல் அது அச்சாயிற்று. அப்போது அவருக்கு இருபது வயது. 1921இல் நமது கல்கத்தா சர்வகலாசாலைக்கு ஐந்தாம் ஜார்ஜ் பேராசிரியராக வந்தார். அவருடைய இந்தியத் தத்துவம் என்ற நூலின் இரு தொகுதிகளும் 1923இலும் 1927இலும் அவர் இங்கே இருந்த காலத்தில் வெளிவந்தவை.

நம்பிக்கை காயம்பட்டதால் ஆராய்ச்சிக்கு வந்தவர் அவர். அதில் ஒரு பலமும் உண்டு, ஒரு பலவீனமும் உண்டு. மேலைநாட்டார் மதிக்கும் மொழியில் நம் தத்துவத்தைச் சொன்னார். ஆனால் தன் வீட்டை இகழ்ந்தவனுக்கு விடை சொல்லப் புறப்பட்டவன், தன் வீட்டின் ஒழுகும் கூரையைப் பார்க்கத் தயங்குவான். சில அத்தியாயங்களில் அவர் ஆராய்கிறாரா, வாதாடுகிறாரா என்று எனக்கு ஐயம் வரும்.

அதே நாற்காலியில் 1935 முதல் 1937 வரை இருந்த கிருஷ்ண சந்திர பட்டாசாரியர் வேறு வார்ப்பு. ஸ்ரீராம்பூர்க்காரர். அரசுக் கல்லூரிகளில் ஊர் ஊராக மாற்றப்பட்டே காலம் கழித்தவர். எழுதியது குறைவு, படிப்பது கடினம். சிந்தனையில் சுயராஜ்யம் என்று அவர் நிகழ்த்திய உரை ஒன்று அவர் மறைவுக்குப் பின் 1954இல் அச்சில் வந்தது. அயல்நாட்டுக் கருத்துக்களை எடுத்துக்கொள்வதை அவர் குறை சொல்லவில்லை. நம் பழைய கருத்தோடு புதியதை மோதவிட்டுப் பார்க்காமல், பழையதை ஒரு பக்கம் தூங்கவிட்டுப் புதியதை மேலே போர்த்திக்கொள்கிறோம் என்பதே அவர் மனக்குறை. வெளியூரில் பிள்ளை வளர்க்கும் நாம் ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டியது அது. பூசையறைக் கதவை மூடிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறோம், பள்ளிக்கூடப் பையை வாசலில் வைத்துவிட்டுப் பூசையறைக்கு வரச் சொல்கிறோம். இரண்டும் சந்தித்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருக்கிறோம். என் மகள் அந்தப் பாபுகாட் படியில் இரண்டையும் சந்திக்க வைத்துவிட்டாள்.

மேலைநாட்டார் மட்டும் இதில் தப்பினார்களா? டேவிட் ஹியூம் 1739இல் வெளியிட்ட தம் பெருநூலில், காரண காரியத் தொடர்பு, நான் என்னும் ஆள், இப்படி எல்லாவற்றையும் ஐயப்பட்டு இருளில் தவித்த பிறகு ஒன்றை ஒப்புக்கொள்கிறார். சாப்பிட்டு, நம் தாயக்கட்டம் போன்ற ஓர் ஆட்டத்தை நண்பர்களோடு இரண்டு கை ஆடிவிட்டுத் திரும்பினால், அந்த ஐயங்கள் எல்லாம் விறைத்துப்போனவையாகத் தெரிகின்றன என்கிறார். மாணவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். எனக்கு அவர் மீது மரியாதை வந்ததே இந்த இடத்தில்தான். என்னோடு பணியாற்றிய வங்காளி நண்பர் ஒருவர் கடவுள் இல்லை என்று மேசையைத் தட்டிப் பேசுவார். அஷ்டமி அஞ்சலிக்கு மட்டும் காலையிலிருந்து பட்டினி கிடந்து மண்டபத்தில் முதல் வரிசையில் நிற்பார். அம்மா பழக்கியது என்பார். வேறு விளக்கம் கொடுத்ததில்லை.

அவளுக்குச் சொன்ன விடையும் சொல்லாத விடையும்

அன்று வீட்டுக்கு வந்து மகளிடம் பேசினேன். என் ஆய்வுப் பொருளான மீமாம்சையிலிருந்து விடை சொன்னேன். அதைச் சுருக்கமாகத் தருகிறேன்.

வேதச் சடங்குகளை யாரையும் விட உறுதியாகக் காத்தவர்கள் மீமாம்சகர்கள். ஆனால் உலகைப் படைத்த கடவுள் ஒருவர் உண்டு என்பதை அவர்கள் ஏற்கவில்லை. 7ஆம் நூற்றாண்டில் குமாரில பட்டர் அந்தக் கருத்தை விரிவாகவே மறுத்திருக்கிறார். அவருக்கும் முற்பட்ட சபரர் தம் பாஷ்யத்தில், தேவதைகளுக்கு உடல் கிடையாது, அவர்கள் நாம் படைப்பதை உண்பதில்லை என்று வாதிடுகிறார். அப்படியானால் ஏன் படைக்க வேண்டும்? செய்ய வேண்டும் என்ற விதி இருப்பதால். கடமை என்பது, அது எங்கே போய்ச் சேருகிறது என்ற தகவலின் மேல் கட்டப்பட்டது அல்ல. ஆகவே, "போய்ச் சேருகிறது என்று நம்ப வேண்டும், இல்லையேல் நடிப்பு" என்ற உன் இரண்டு வழிகளுக்கு வெளியே மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது என்றேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். "வாதம் சரியா இருக்கு அப்பா. ஆனா இது பரீட்சைக்கு எழுதுற பதில். நீங்க தண்ணிக்குள்ள நிக்கும்போது இதையா நினைச்சீங்க?"

இல்லை. தண்ணீருக்குள் நிற்கும்போது நான் சபரரை நினைக்கவில்லை. என் தகப்பனார் தாமிரபரணியில் குளித்துவிட்டு நெற்றி நிறையத் திருநீற்றோடு பதிகம் முணுமுணுத்துக்கொண்டு வருவார். அவர் கடைசி முறை ரயில் நிலையத்துக்கு வந்து வழியனுப்பியபோது, "அடுத்த லீவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே வா" என்றார். நான் வரவில்லை. ஆய்வேட்டைப் புத்தகமாக்கும் வேலை இருந்தது. தந்தி கிடைத்து, இரண்டு ரயில் மாறிப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வருடத்தில் மற்ற நாட்களில் அவர் பெயரை நான் உரக்கச் சொல்வதில்லை. நம் வழக்கத்தில் தகப்பன் பெயரைச் சொல்ல மாட்டோம். அன்று ஒரு நாள், ஆற்றில் நின்று, மூன்று முறை சொல்கிறேன். அது அவருக்குக் கேட்கிறது என்று நிரூபிக்க என்னிடம் பிரமாணம் ஒன்றும் இல்லை. கேட்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டுக் கரையில் உட்காரவும் என்னால் முடியாது.

இதை அவளிடம் அன்று சொல்லவில்லை. வகுப்பில் முப்பது பேர் முன்னால் எதையும் பேசிவிடுவேன். இதைச் சொல்ல வாய் வரவில்லை. பல ஆண்டுகள் கழித்து, அவள் ஹைதராபாத்தில் வேலைக்குப் போன பிறகு, ஒரு கடிதத்தில் எழுதினேன். பதிலில் அவள், "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அப்பா, சபரரைக் கூப்பிட்டிருக்க வேண்டியதில்லையே" என்று எழுதியிருந்தாள். தனக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று எழுதவில்லை. இன்றும் அவள் கோயிலுக்குப் போவதில்லை, நானும் கூப்பிடுவதில்லை. கடிதத்தைப் படித்துக் காட்டியபோது அவள் அம்மா மட்டும், "உங்க ரெண்டு பேருக்கும் பேசறதுக்கு ஒரு ஆறு வேணும், ஒரு தபால்காரன் வேணும்" என்றாள்.

சில ஆண்டுகளுக்கு முன் மகாளயத்துக்கு அவள் லீவு போட்டு வந்திருந்தாள். என் முழங்கால் இப்போது படிகளில் நிற்பதில்லை. பாபுகாட்டின் கீழ்ப்படிகளில் பாசி வேறு. ஒரு கையால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் எள் பொட்டலத்தோடு தண்ணீருக்குள் இறங்கினாள். பழைய குருக்கள் இல்லை, அவர் மகன்தான் இப்போது வருகிறார். தகப்பனார் வழியில் மூன்று தலைமுறைப் பெயர் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். தாயார், பாட்டி, கொள்ளுப்பாட்டி பெயர் சொல்லுங்கள் என்றார். இரண்டு பெயர் சொல்லி நின்றுவிட்டேன். தெரியாத இடத்தில் கங்கை என்று சொல்லலாம் என்று அவர் மெதுவாக எடுத்துக்கொடுத்தார். இத்தனை வருடங்களும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன் போலும். நான் கவனித்ததில்லை.

"கொள்ளுப்பாட்டி பேரு உங்களுக்குத் தெரியாதா அப்பா?" என்று கேட்டாள் மகள். பதினான்கு பரபக்கங்களையும் வரிசை மாறாமல் ஒப்பிப்பவன் நான்.

வீட்டுக்கு வந்ததும் திருநெல்வேலியில் இருக்கும் பெரியப்பா மகனுக்கு எழுதிக் கேட்டோம். அவருக்கும் தெரியவில்லை. குடும்பத்துப் பழைய கிரயப் பத்திரங்கள் சில அவரிடம் இருக்கின்றன. அவற்றில் பெண்கள் பெயர் வரும் இடங்களைப் பார்த்துச் சொல்வதாக எழுதியிருக்கிறார்.